இரண்டு ஜூலை

எங்கள் ஊர் மாரண்டஹள்ளி. பெயரைக் கேட்டதும், "அது தமிழ்நாட்டில்தான் இருக்கிறதா?" என்று கேட்கும் நண்பர்கள் உண்டு. ஆம், தமிழ்நாட்டில்தான் இருக்கிறது. தருமபுரி மாவட்டத்தில், பாலக்கோட்டிலிருந்து இராயக்கோட்டைக்குச் செல்லும் வழியில் உள்ள பேரூர் அது. சேலத்திலிருந்து தருமபுரி, ஓசூர் வழியாகப் பெங்களூரு செல்லும் இரயில் பாதையில் எங்களுக்கும் ஒரு நிலையம் உண்டு. 'ஹள்ளி' என்றால் கன்னடத்தில் சிற்றூர். எங்கள் சந்தையில் தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே மூச்சில் கேட்கும். ஒருவரிடம் தமிழில் விலை சொன்ன வாய், அடுத்த நொடியே திரும்பி இன்னொருவரிடம் கன்னடத்தில் பேரம் பேசும். எதிரே நிற்பவர் யார் என்று பார்த்து நாக்கு தானாகவே மொழியை மாற்றிக்கொள்ளும். இதை நாங்கள் எந்தப் பள்ளியிலும் கற்றதில்லை. சூழல் கற்றுக்கொடுத்தது.

கணிப்பொறிக்கும் இந்தப் பழக்கம் உண்டு. தான் நிற்கும் சூழலைப் பார்த்து, ஒரே கேள்விக்கு அது வெவ்வேறு மொழியில் விடை சொல்லும். இதை நான் பாடநூலில் படித்திருந்தேன். ஆனால் உணர்ந்தது எங்கள் ஊர்த் தக்காளி மண்டி ஒன்றில். அந்தச் சிறு விந்தையால் ஓர் ஏழை மூதாட்டியின் ஒரு மாத உழைப்பும், நேர்மையான ஒரு மனிதரின் நற்பெயரும் ஒரு காலைப்பொழுது முழுவதும் தராசில் தொங்கின. அதைத்தான் இம்மலரில் எழுத விரும்புகிறேன். கணிப்பொறி படிக்காத நண்பர்களும் அஞ்சாமல் தொடர்ந்து படிக்கலாம். தக்காளி தெரிந்தவர்களுக்கு இது விளங்கும்.

மண்டியும் மடிக்கணினியும்

2023-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தை எங்கள் பக்கத்து விவசாயிகள் மறக்க மாட்டார்கள். நாடெங்கும் தக்காளி விலை ஏறிக் கிலோ 100 ரூபாயைத் தாண்டியது. சென்னையில் நியாயவிலைக் கடைகளில் அரசே கிலோ 60 ரூபாய்க்குத் தக்காளி விற்றது. பறிகூலிக்குக்கூடக் கட்டவில்லை என்று சாலையோரத்தில் தக்காளியைக் கொட்டிவிட்டுப் போன ஆண்டுகளையும் கண்டவர்கள் எங்கள் மக்கள். ஆகவே அந்த ஜூலையில் ஒவ்வொரு பெட்டியும் அவர்களுக்குப் பொன்னாக இருந்தது.

எனக்கு மாமா முறையாகும் ஒருவர் எங்கள் ஊரில் சிறிய மண்டி ஒன்று வைத்திருக்கிறார். விவசாயிகளுக்கு விதைக்கும் உரத்துக்கும் முன்பணம் கொடுப்பார். அவர்கள் கொண்டுவரும் பெட்டிகளை அன்றன்று விற்றுக் கணக்கில் எழுதுவார். மாதக் கடைசியில் கமிஷனும் முன்பணமும் கழித்து மீதியைக் கொடுப்பார். முன்பு இக்கணக்கு நீள நோட்டில் இருந்தது. பிறகு மடிக்கணினிக்கு மாறியது. தமிழக அரசு 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் மாமாவின் மகளுக்குக் கிடைத்தது அது. அவள் படித்து முடித்து மணமாகிச் சென்றபின், ஊர் அண்ணன் ஒருவர் அதில் டெபியன் லினக்ஸை ஏற்றி, கணக்கு எழுத இரண்டு சிறு கட்டளைக் கோப்புகளையும் எழுதிக் கொடுத்துவிட்டு வேலைக்காகப் பெங்களூரு போய்விட்டார்.

முதல் கோப்பு பகலில் வேலை செய்வது. கணக்குப்பிள்ளை விவசாயியின் எண்ணையும் பெட்டிகளையும் விலையையும் தட்டினால், அந்த மாதத்துக்குரிய ஏட்டில் ஒரு வரி சேர்ந்துவிடும். இரண்டாவது கோப்பு இரவு 10 மணிக்குத் தானாகவே ஓடி, அந்த மாத ஏட்டைத் திறந்து, ஒவ்வொருவருக்கும் அதுவரை ஆன கூட்டுத்தொகையை எழுதி வைக்கும். நான்கு ஆண்டுகள் இந்த ஏற்பாடு ஒரு குறையும் இன்றி நடந்தது.

புளியங்கொட்டைக் கணக்கு

ஜூலை 31-ஆம் நாள் காலை மாதக் கணக்கு தீர்க்கும் வேலை தொடங்கியது. முந்தைய இரவின் தொகையைப் பார்த்துக் கணக்குப்பிள்ளை சீட்டு எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தார். முதலில் வந்த இருவர், தொகை குறைவாகத் தெரிந்தபோதும், முன்பணம் கழிந்திருக்கும் என்று எண்ணி, கைநாட்டு வைத்து வாங்கிக்கொண்டு போய்விட்டனர். மூன்றாவதாக வந்தவர் பஞ்சப்பள்ளிச் சாலையில் ஒரு காணி நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துப் பயிர் செய்யும் பாட்டி ஒருவர். அவருடைய சீட்டில் 38 பெட்டி என்று இருந்தது.

"முப்பத்தெட்டா? நான் இறக்குனது எம்பத்தி நாலு பெட்டி சாமி," என்றார் பாட்டி.

அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஒரு பெட்டி வண்டியில் ஏறியதும் ஒரு புளியங்கொட்டையை எடுத்துப் பால்மாவு டப்பாவில் போட்டுவிடுவார். அந்த டப்பாவை மடியில் கட்டிக்கொண்டே வந்திருந்தார். மண்டித் திண்ணையில் கொட்டி எண்ணினார்கள். 84 கொட்டைகள் இருந்தன.

கணக்குப்பிள்ளை பதறிப்போனார். உடனே கூட்டும் கோப்பைத் தம் கையாலேயே ஓட்டிப் பார்த்தார். இம்முறை 46 பெட்டி என்று வந்தது! இரவு ஓடினால் 38, கையால் ஓட்டினால் 46, கொட்டையோ 84. ஒரே பொறி, ஒரே கோப்பு, ஒரே விவசாயி. விடையோ ஓட்டத்துக்கு ஒன்று. கூடியிருந்தவர்களின் முகங்கள் மாறின. "கம்ப்யூட்டர் பொய் சொல்லுமா? யாரோ கை வெச்சிருக்காங்க," என்று ஒருவர் முணுமுணுத்தது கணக்குப்பிள்ளையின் காதில் விழாமல் இல்லை. இருபது ஆண்டுகளாக ஒரு காசு குறையாமல் கணக்கு எழுதியவர் அவர். தலையைக் குனிந்துகொண்டார்.

நான் அப்போது இளங்கலை மூன்றாம் ஆண்டில் அடியெடுத்து வைத்திருந்தேன். மாமா எனக்கு ஆள் அனுப்பினார். "மாப்பிள்ளை, கம்ப்யூட்டர்தானே படிக்கிறே? இந்தச் சனியனுக்கு என்னன்னு பாரு," என்றார்.

ஓடும் பருப்பும்

நான் கண்டதைச் சொல்லுமுன் இரண்டு செய்திகளைச் சுருக்கமாக விளக்க வேண்டும்.

லினக்ஸ் என்பது 1991-இல் பின்லாந்தில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற மாணவர் தொடங்கிய இயக்குதளம். அதன் முன்னோடி யூனிக்ஸ். 1969-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் உருவாக்கியது. நிலக்கடலையில் பருப்பு உள்ளேயும் ஓடு வெளியேயும் இருப்பது போல, இந்த இயக்குதளங்களிலும் பொறியை நேரடியாக ஆளும் உட்பகுதிக்குப் பருப்பு என்ற பொருளிலும், நாம் தட்டும் கட்டளையை வாங்கி உள்ளே அனுப்பும் வெளிப்பகுதிக்கு ஓடு என்ற பொருளிலும் பெயர் வைத்தார்கள். அந்த ஓட்டின் ஆங்கிலப் பெயர்தான் ஷெல். 1979-இல் வெளிவந்த ஏழாம் பதிப்பு யூனிக்ஸில் ஸ்டீபன் போர்ன் எழுதிய ஷெல் இடம்பெற்றது. இன்று லினக்ஸில் பெரிதும் வழங்கும் பாஷ் என்ற ஷெல், 1989-இல் பிரையன் ஃபாக்ஸ் அதன் வழியில் எழுதியது.

ஷெல்லில் ஒரு கட்டளைக்குள் இன்னொரு கட்டளையை வைக்கலாம். "சந்தைக்குப் போய் இன்றைய விலையைக் கேட்டு வந்து, அதை இந்தச் சீட்டில் எழுது" என்று பையனிடம் சொல்வது போன்றது அது. ஷெல் முதலில் உள்ளே இருக்கும் கட்டளையை ஓட்டும். வந்த விடையை அந்த இடத்தில் ஒட்டும். அதன்பின் வெளிக்கட்டளையை ஓட்டும். இதற்குக் கட்டளைப் பதிலீடு என்று பெயர் சொல்லலாம். போர்ன் ஷெல்லில் உட்கட்டளையின் இரு பக்கமும் சாய்ந்த ஒற்றைக் குறி இட்டார்கள். விசைப்பலகையின் இடது மேல் மூலையில் ஒளிந்திருக்கும் அக்குறிக்கும் வழக்கமான ஒற்றை மேற்கோள் குறிக்கும் வேறுபாடு காண்பதற்குள் கண் வலித்துவிடும். பிறகு டேவிட் கோர்னின் ஷெல்லில், டாலர் குறியும் பிறைவளைவும் இட்டு எழுதும் தெளிவான முறை வந்தது. இன்று அதையே பயன்படுத்துவது நல்லது.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. வெளிக்கட்டளைக்கு, உள்ளே என்ன கேட்கப்பட்டது என்பது தெரியாது. வந்த விடை மட்டுமே அதற்குத் தெரியும். பையன் தப்பான சந்தைக்குப் போய் வந்தாலும், சீட்டில் விலை அழகாகவே எழுதப்பட்டுவிடும்!

இரண்டாவது செய்தி, சூழல் மாறிகள். எங்கள் மண்டியில் 'பெட்டி' என்று சொன்னால் போதும். எத்தனை கிலோ என்று எவரும் கேட்பதில்லை. இன்னொரு ஊர் மண்டியில் அதே சொல்லுக்கு வேறு எடை. சொல்லாமலே எல்லோருக்கும் தெரிந்த இத்தகைய செய்திகள் கணிப்பொறியிலும் உண்டு. வீட்டு அடைவு எங்கே என்பதை ஹோம் என்ற மாறி சொல்லும். கட்டளைகளை எந்தெந்த இடத்தில் தேட வேண்டும் என்பதைப் பாத் என்ற மாறி சொல்லும். எந்த மொழியில் விடை சொல்ல வேண்டும் என்பதை லாங் என்ற மாறி சொல்லும். ஒரு நிரல் இன்னொரு நிரலைத் தொடங்கும்போது தன் சூழலின் படி ஒன்றை அதற்குக் கொடுக்கிறது. தந்தை கொடுத்த நிலத்தைப் பிள்ளை பெறுவது போல அது பெற்றுக்கொள்கிறது. ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. பிள்ளை தன் படியில் செய்யும் மாற்றம் தந்தையிடம் திரும்பிப் போகாது.

உள்ளே இருந்த கேள்வி

மண்டியில் நான் கண்ட கோப்பில் முக்கியமான வரி ஒன்றே ஒன்றுதான். அதைத் தமிழ் எழுத்தில் எழுதினால் இப்படி இருக்கும்:

ஏடு="கணக்கு-$(டேட் +%பி)"

டேட் என்பது தேதி கேட்கும் கட்டளை. விழுக்காட்டுக் குறியும் பெரிய பி எழுத்தும் சேர்ந்தால், மாதத்தின் முழுப்பெயரைச் சொல் என்று பொருள். ஆக, 'கணக்கு' என்ற சொல்லுக்குப் பின் நடப்பு மாதத்தின் பெயரைச் சேர்த்து ஏட்டுக்குப் பெயர் வைக்கிறது இந்த வரி. பகல் கோப்பும் இரவுக் கோப்பும் இதே வரியைத்தான் கொண்டிருந்தன. எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டேன். எள்ளளவும் வேறுபாடு இல்லை.

எங்கள் கல்லூரி ஆய்வகத்தில் ஆசிரியர் ஒரு பழக்கத்தைக் கற்றுக்கொடுத்திருந்தார். வரி முழுவதையும் முறைத்துப் பார்த்துக்கொண்டிருக்காதே. உள்ளே இருக்கும் கேள்வியை மட்டும் வெளியே எடுத்துத் தனியாகக் கேள் என்பார். அவ்வாறே மாதப் பெயரைக் கேட்கும் கட்டளையை மட்டும் தட்டினேன். திரையில் வந்த விடை 'ஜூலை'. அதுவும் தமிழ் எழுத்தில்!

கணக்குப்பிள்ளையைத் திரும்பிப் பார்த்தேன். "ரெண்டு வாரமா எல்லாம் தமிழ்லதாம்ப்பா வருது. எனக்கு இங்கிலீசு படிக்கத் தடுமாற்றமா இருந்துச்சு. பையன்தான் ஒரு நாள் ராத்திரி தமிழுக்கு மாத்திக் கொடுத்தான்," என்றார். எந்த நாள் என்று கேட்டேன். 11-ஆம் தேதி இரவு, மாதத் தொகை ஓடி முடிந்த பிறகு என்றார்.

விடையில் பாதி கிடைத்துவிட்டது. 12-ஆம் தேதி முதல் அவர் தட்டிய வரிகள் எல்லாம் தமிழில் 'ஜூலை' என்று முடியும் புது ஏட்டில் சேர்ந்திருக்கின்றன. கையால் ஓட்டினால் அந்த ஏடுதான் கூட்டப்படும். அதுவே 46. ஆனால் இரவில் மட்டும் ஏன் 38? பொறி ஒன்றுதானே? மொழியை மாற்றியபின் இரவுக்கும் அது மாறியிருக்க வேண்டுமல்லவா?

இங்கேதான் ஆசிரியர் சொன்ன இரண்டாவது பழக்கம் துணைக்கு வந்தது. எந்த இடத்தில் விடை தவறியதோ, அந்த இடத்திலேயே நின்று கேள்வியைக் கேட்க வேண்டும். பகலில் நான் உட்கார்ந்து கேட்டால் எனக்குப் பகலின் விடைதான் வரும். இரவில் ஓடும் கோப்பைக் கணக்குப்பிள்ளை தொடங்குவதில்லை. கிரான் என்ற காவல்காரன் தொடங்குகிறான். நேரம் பார்த்து வேலைகளை எழுப்பிவிடும் நிரல் அது. கிரான் திரைக்கு முன் உட்கார்ந்து உள்நுழைவதில்லை. ஆகவே, திரையில் நாம் செய்துகொண்ட மொழி மாற்றம் அதற்குத் தெரியாது. அது தனக்கென ஒரு சிறிய சூழலோடு பிறக்கிறது. தன் பிள்ளைகளுக்கும் அதையே கொடுக்கிறது.

ஊகம் போதாது, கண்ணால் காண வேண்டும். சூழலை அப்படியே பட்டியலிட ஒரு கட்டளை உண்டு. அதை அடுத்த நிமிடமே ஓட்டி ஒரு கோப்பில் எழுதிவைக்கும்படி கிரானிடம் ஒரு வரி சேர்த்தேன். அந்த ஒரு நிமிடம் மண்டியில் எவரும் பேசவில்லை. பிறகு கிரான் எழுதிய பட்டியலையும் என் திரையின் பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். என் பக்கத்தில் நாற்பதுக்கும் மேற்பட்ட மாறிகள். கிரான் பக்கத்தில் விரல் விட்டு எண்ணக்கூடியவையே. லாங் என்ற மாறி என் பக்கத்தில் தமிழையும் அதன் பக்கத்தில் ஆங்கிலத்தையும் சுட்டியது.

புதிர் அவிழ்ந்தது. அடைவைத் திறந்து காட்டினேன். அங்கே இரண்டு ஏடுகள் இருந்தன. ஒன்றின் பெயர் ஆங்கில எழுத்தில் ஜூலை என்று முடிந்தது. அதில் 1 முதல் 11-ஆம் தேதி வரையிலான வரிகள். மற்றொன்று தமிழ் எழுத்தில் ஜூலை என்று முடிந்தது. அதில் 12 முதல் 30 வரை. வாய்விட்டுப் படித்தால் இரண்டும் ஜூலைதான். பொறிக்கோ அவை ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லாதவை. ஆங்கிலப் பெயர் 4 பைட்டுகள். தமிழ்ப் பெயர் இன்றைய யுடிஎஃப்-8 முறையில் 12 பைட்டுகள். இரவுக்கோப்பு ஆங்கில ஏட்டைத் தேடியது, அந்த ஏடு இருந்தது, திறந்தது, கூட்டியது, 38 என்றது. ஒரு பிழைச் செய்திகூட வரவில்லை. மொழி மாற்றம் மாதத்தின் முதல் நாளில் நடந்திருந்தால், ஏட்டைக் காணோம் என்று அன்றிரவே பொறி கூவியிருக்கும். மாத நடுவில் நடந்ததால் பாதி உண்மையை முழு உண்மை போலச் சொல்லிக்கொண்டிருந்தது.

இரண்டு ஏடுகளையும் சேர்த்துக் கூட்டினேன். 38-உம் 46-உம் 84. திண்ணையில் கிடந்த புளியங்கொட்டைகளை யாரும் மறுபடி எண்ணவில்லை. முதலில் சீட்டு வாங்கிப் போன இருவருக்கும் உடனே ஆள் அனுப்பி அழைத்துவரச் செய்தார் மாமா. கணக்குப்பிள்ளை எழுந்து வெளியே போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார். பாட்டி தம் கொட்டைகளைப் பொறுக்கி டப்பாவில் போட்டுக்கொண்டு, "கணக்கு தெரிஞ்சவன்தான் கண்ணு நீ. ஆனா அந்தப் பெட்டிக்கு நம்மூர் ஜூலையும் தெரியணும், வெளியூர் ஜூலையும் தெரியணும்," என்றார். நான் நான்கு பருவங்களில் படித்ததை அவர் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டார்.

தமிழ் செய்த குற்றமா?

"எல்லாம் தமிழ் போட்டதால வந்த வினை. இங்கிலீசுக்கே மாத்திடு," என்றார் மாமா. கூடியிருந்த பலரும் அதையே ஆமோதித்தனர். எனக்கு அதை ஏற்க மனம் வரவில்லை.

சிந்தித்துப் பாருங்கள். 1991-இல் வெளியான யூனிகோடின் முதற்பதிப்பிலேயே தமிழ் எழுத்துகள் இடம்பெற்றுவிட்டன. 1999-இல் சென்னையில் கூடிய தமிழிணைய மாநாட்டின் பயனாகத் தமிழ்99 விசைப்பலகை நமக்குக் கிடைத்தது. லினக்ஸின் பட்டியல்களையும் செய்திகளையும் தன்னார்வலர்கள் ஊதியம் பெறாமல் தமிழாக்கினார்கள். கணக்குப்பிள்ளையைப் போன்ற ஒருவர், இன்னொருவரை எதிர்பார்க்காமல் தாமே படித்து வேலை செய்ய வேண்டும் என்பதற்காக அன்றோ இவ்வளவு உழைப்பும்? அவர் தமிழில் படிக்க விரும்பியதைக் குற்றமாக்கி, மறுபடியும் தடுமாறச் சொல்வது எப்படி நியாயமாகும்?

குறை தமிழில் இல்லை, ஆங்கிலத்திலும் இல்லை. மனிதர் படிப்பதற்காக உள்ள பெயரைப் பொறி அடையாளம் காண்பதற்கான பெயராக வைத்ததில் இருக்கிறது. மாதப் பெயர் மனிதருக்குரியது. அது ஊருக்கும் மொழிக்கும் ஏற்ப மாறும், மாறவும் வேண்டும். பொறிக்குத் தேவை மாறாத அடையாளம். ஆகவே, மாதப் பெயருக்குப் பதிலாக ஆண்டையும் மாத எண்ணையும் கேட்கும்படி அந்த வரியைத் திருத்தினேன். அன்று முதல் ஏட்டின் பெயர் 'கணக்கு-2023-07' என்பது போல ஆயிற்று. எந்த மொழியில் உட்கார்ந்து கேட்டாலும் விடை ஒன்றே. அடுத்த ஆண்டின் ஜூலையோடு கலந்துவிடும் என்ற அச்சமும் நீங்கியது.

இன்னொரு வழியும் உண்டு. எல்சி-ஆல் என்ற மாறிக்குச் சி என்ற மதிப்பைக் கொடுத்து, அந்த ஒரு கட்டளைக்கு மட்டும் மொழிச் சூழலை நிலைநிறுத்தலாம். மொழிபற்றிய மாறிகளில் அதற்கே முதல் மரியாதை. அதன்பின் நாள், மாதப் பெயர்களை ஆளும் எல்சி-டைம், கடைசியில்தான் லாங். இந்த வரிசை தெரியாமல் லாங்கை மட்டும் மாற்றிவிட்டு, ஏன் மாறவில்லை என்று தலையைப் பிய்த்துக்கொள்பவர்கள் பலர்.

கூட்டும் கோப்பில் ஒரு காவலையும் சேர்த்தேன். கூட்டிய வரிகளின் முதல் தேதியும் கடைசித் தேதியும் தொகைக்கு அருகிலேயே அச்சாக வேண்டும். 11-ஆம் தேதியோடு நின்ற கணக்கை மாதக் கடைசியில் கண்டால் எவர் கண்ணிலும் அது உறுத்தும் அல்லவா? திரையின் மொழி தமிழாகவே இருந்தது. கணக்குப்பிள்ளை இன்றும் தமிழிலேயே படிக்கிறார்.

இதே வழியில் வரும் தொல்லைகள்

அதன்பின் ஆய்வகத்தில் நண்பர்களுக்கு வரும் தொல்லைகளைக் கூர்ந்து பார்த்தேன். பெரும்பாலானவை இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவையாகவே இருந்தன. இளைய மாணவர்களுக்குப் பயன்படும் என்பதால் சிலவற்றைக் குறிக்கிறேன்.

கையால் தட்டினால் ஓடும் கட்டளை கிரானில் 'காணப்படவில்லை' என்று நின்றால், பாத் மாறியைப் பாருங்கள். டெபியனில் கிரான் தேடும் இடங்கள் இரண்டே இரண்டு அடைவுகள். நாமே எழுதி வேறிடத்தில் வைத்த கட்டளை அதன் கண்ணில் படாது. முழு முகவரியை எழுதினால் தொல்லை தீரும். கிரான் பட்டியலிலேயே டேட் கட்டளையை எழுதுவோர் இன்னொன்றையும் நினைவில் கொள்ள வேண்டும். அங்கே விழுக்காட்டுக் குறி வரியை முடிக்கும் குறியாகக் கொள்ளப்படும். அதற்கு முன் பின்சாய்கோடு இடாவிட்டால் கட்டளை பாதியிலேயே அறுந்துவிடும்.

ஒரு மாறிக்கு மதிப்புக் கொடுக்கும்போது சமக்குறியின் இரு பக்கமும் இடைவெளி விடலாகாது. விட்டால், மாறியின் பெயரையே ஒரு கட்டளை என்று ஷெல் எண்ணிக்கொள்ளும். ஒற்றை மேற்கோளுக்குள் எழுதினால் டாலர் குறி வெறும் எழுத்தாகவே நிற்கும். இரட்டை மேற்கோளுக்குள் எழுதினால்தான் விடை வந்து அமரும். மேற்கோளே இல்லாமல் விட்டுவிட்டால், விடையில் உள்ள இடைவெளிகளில் ஷெல் அதைத் துண்டு துண்டாக வெட்டிவிடும். 'தக்காளி கணக்கு' என்ற ஒரு கோப்பு, 'தக்காளி', 'கணக்கு' என்று இரண்டு கோப்புகளாகத் தேடப்படும்.

பிறைவளைவுக்குள் ஓடும் கட்டளை தனிப் பிள்ளையாகப் பிறக்கிறது. அதற்குள் மாற்றிய மாறி வெளியே வந்ததும் பழைய மதிப்போடுதான் இருக்கும். அதிலிருந்து வெளியே வருவது அது அச்சிட்ட விடை மட்டுமே. இதைவிட நுட்பமானது ஒன்று உண்டு. ஒரு மாறியைப் பிள்ளைகளுக்கும் கொடு என்று அறிவிக்கும் எக்ஸ்போர்ட் கட்டளையையும் பதிலீட்டையும் ஒரே வரியில் எழுதினால், உள்ளே நடந்த தோல்வி மறைந்துவிடும். எக்ஸ்போர்ட் வென்றதையே ஷெல் வெற்றி என்று கொள்ளும். முதலில் விடையை மாறியில் வாங்கிச் சரிபார்த்துவிட்டு, அடுத்த வரியில் அறிவிப்பதே முறை.

இவை சிறியோர் செய்யும் சின்னஞ்சிறு தொல்லைகள் என்று எண்ணிவிட வேண்டாம். 2014 செப்டம்பரில் உலகமே அதிர்ந்த ஷெல்ஷாக் என்ற குறை, சூழல் மாறியில்தான் ஒளிந்திருந்தது. ஒரு மாறியின் மதிப்பாக வெளியார் அனுப்பிய எழுத்துகளின் வாலில் ஒட்டியிருந்த கட்டளையைப் பாஷ் ஓட்டிவிட்டது. 1989 முதல் 25 ஆண்டுகள் அது எவர் கண்ணிலும் படவில்லை. துருக்கி மொழிச் சூழலிலும் இப்படி ஒரு சிக்கல் உண்டு. அங்கே சிறிய ஐ எழுத்தின் பெரிய வடிவம் தலையில் புள்ளியோடு இருக்கும். இதை அறியாமல் எழுதப்பட்ட நிரல்கள் அந்நாட்டுக் கணிப்பொறிகளில் சொற்களை அடையாளம் காணாமல் தடுமாறின. மாரண்டஹள்ளியில் ஜூலை படுத்திய பாட்டை அங்கே ஒற்றை எழுத்து படுத்தியிருக்கிறது!

கேட்கும் முறை

கணிப்பொறி பொய் சொல்வதில்லை. நாம் கேட்ட கேள்விக்கு, அது நிற்கும் சூழலில் எது சரியோ அதைச் சொல்கிறது. 38 என்பதும் மெய். 46 என்பதும் மெய். இரண்டுமே பாட்டி கேட்ட கேள்விக்கு விடையல்ல. இந்த வேறுபாட்டை உணராதவர்கள் ஒன்று பொறியைத் திட்டுகிறார்கள், இல்லையேல் பக்கத்தில் இருக்கும் மனிதரைச் சந்தேகிக்கிறார்கள். பொறியைத் திட்டினால் அதற்கு வலிக்காது. மனிதரைச் சந்தேகித்தால் ஆறாது.

இன்று நியாயவிலைக் கடையிலும் வங்கியிலும் மருத்துவமனையிலும் எழுத்தறிவில்லாத எளிய மக்கள் பொறி அச்சிட்ட தாளின் முன் நிற்கிறார்கள். "கம்ப்யூட்டரில் இப்படித்தான் இருக்கிறது" என்ற ஒரு சொல் அவர்கள் வாயை அடைத்துவிடுகிறது. கணிப்பொறி கற்கும் நமக்கு ஒரு கடமை உண்டு. எதிரே நிற்பவரின் சொல்லும் ஒரு சான்றுதான் என்று முதலில் மதிக்க வேண்டும். பிறகு உள்ளே புதைந்திருக்கும் கேள்வியை வெளியே எடுத்துத் தனியாகக் கேட்க வேண்டும். விடை எங்கே தவறியதோ அந்தச் சூழலிலேயே நின்று கேட்க வேண்டும். இரண்டு சூழல்களையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட வேண்டும். அதுவரை எவர் மீதும் பழி சொல்லாதிருக்க வேண்டும்.

இளைய நண்பர்களே, கட்டளைகள் நூற்றுக்கணக்கில் உண்டு. அவற்றை மறந்துபோனால் கையேட்டைப் புரட்டிக்கொள்ளலாம். கேட்கும் முறையை மட்டும் மறவாதீர்கள். அதை எந்தக் கையேடும் நமக்காகச் செய்து தராது.